துளையில்லாத துப்பாக்கிக்கு என்ன விலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் கதை அல்ல. மலாக்காவில் ஒரு பல் மருத்துவரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. முன்வரிசையில் இரண்டு அம்மாள்கள். ஒருவர் தன் மாமியாரைப் பற்றி மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் மாமியாரைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும் என்று தெரியும் என்பதால் முதலில் நான் காது கொடுக்கவில்லை. நடுவில், "அப்பத்தான் எங்க மாமி அந்தத் துப்பாக்கியத் தூக்கி மேசை மேல வெச்சாங்களாம்" என்று ஒரு வாக்கியம் வந்தது. அதற்குப் பிறகு என் பல்வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

கதை முடியப்போகிற நேரத்தில் தாதி வந்து அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். உள்ளே போனவர் கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தார். நான் வெட்கத்தை விட்டு, "கடைசியில என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ங்ம்ம்" என்றார். 'வித்துட்டாங்க' என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'உனக்கு எதுக்கு' என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சுதந்திர தின மலருக்கு என்னிடம் கதை கேட்டிருந்த சங்கச் செயலாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"துப்பாக்கி வருதுன்னா வெடிக்கணும் சார்."

"வெடிக்காதுங்க. அதுக்குத் துளையே கிடையாது."

"கொடியாவது வருதா?"

"வருது. கதாநாயகி கொடி தைக்கிறாங்க."

"அப்ப எழுதுங்க," என்றார் நிம்மதியாக.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு. அந்நிய ஆட்சியின் செஞ்சூரியன் கிளேபாங் கடலில் மெல்ல மெல்ல—"

(வேண்டாம். மலரில் இதே சூரியன் இன்னும் நான்கு கட்டுரைகளில் மறையப்போகிறது.)

"காஜா பெராங்கில் குடியிருந்த அப்பாசாமி, தூக்குமேடை ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பெட்டி நிறையத் திரைக்கம்பி வாங்கினார்."

(நன்றாக இழுக்கிறது. ஆனால் அவர் எந்த மேடையும் ஏறவில்லை. வாசகரை இரண்டாம் பத்தியிலேயே ஏமாற்றினால் ஒன்பதாம் பகுதியில் யார் நம்புவார்கள்?)

மூன்றாவது, அவர் மனைவி, அதாவது அந்த அம்மாளின் மாமியார், சந்திரமதியிடமிருந்து தொடங்குகிறது. இந்தக் கதையில் துப்பாக்கியைப் பார்த்ததும் சன்னலை மூட வேண்டும் என்று தோன்றிய ஒரே ஆள் அவள்தான். அவள் பக்கம் நிற்பது எனக்கும் பாதுகாப்பு.

3

சந்திரமதி கொடி தைத்துக்கொண்டிருந்தாள். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் துணிக்கடை அவளிடம் மொத்தமாக வேலை கொடுத்திருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், ஒரு மூலையில் நீலம், நீலத்தில் பிறையும் பதினோரு முனை நட்சத்திரமும். கோடுகள் சுலபம். நட்சத்திரம்தான் உயிரை வாங்கியது. கவனமாகத் தைத்தால் ஒரு முனை கூடியது. வேகமாகத் தைத்தால் ஒன்று குறைந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவன் எவன் எண்ணப்போகிறான் என்று தவுக்கேயே சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வாசலில் பேச்சா வண்டி (சைக்கிள் ரிக்‌ஷா) நின்றது. அப்பாசாமி இறங்கினார். அவரோடு ஒரு நீளப் பெட்டியும் இறங்கியது.

"ஏங்க, மறுபடியும் லேலோங்கா?"

(லேலோங் என்றால் ஏலம். மலாக்காவில் 'ஏலம்' என்றால் பாயசத்தில் போடுவது என்று நினைத்துக்கொள்வார்கள்.)

"திரைக்கம்பி, மதி. வெறும் திரைக்கம்பி."

"நம்ம வீட்டுக்கு சன்னலே ரெண்டுதான்."

அப்பாசாமி நகரசபைக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எந்தத் துரை எப்போது ஊருக்குக் கிளம்புகிறான் என்பது அரசாங்கத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பங்களாவில் மீட்டர் ஓடுவது நின்றால், சாம்ராஜ்யம் ஒரு வீட்டளவுக்குச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் அங்கே லேலோங் நடக்கும். முதல் வரிசையில் அப்பாசாமி நிற்பார். சண்டையில்லாமல் ஊருக்குப் போகிற துரைமார்கள் விட்டுப்போனவற்றால் அந்தச் சின்ன வீடு நிறைந்திருந்தது. நரம்பு இல்லாத டென்னிஸ் மட்டை. வெயிலிலும் மழையிலும் புயல் என்றே காட்டுகிற ஒரு வானிலைக் கடிகாரம். சூப்பு ஊற்றி வைக்கிற மூடிபோட்ட பெரிய பீங்கான் பாத்திரம் ஒன்று. அதில் மட்டும் சந்திரமதி தோசை மாவு கரைத்து வைத்தாள். மாவு நன்றாகப் பொங்கியது. துரைமார்களிடமிருந்து இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அது.

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே திரைக்கம்பி இல்லை; பச்சை வெல்வெட். வெல்வெட்டில் ஒரு துப்பாக்கி.

கருத்த மரக்கட்டையில் வெள்ளிக் கம்பியைப் பதித்துக் கொடியும் மயிலும் இழைத்திருந்தார்கள். விசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். அதன் வழியாக உள்ளே இருந்த சுருள்வில்லும் பற்களும் தெரிந்தன. அப்பாசாமி விசையை இழுத்தார். டக் என்றது. அவர் முகம் மலர்ந்தது.

சந்திரமதி ஓடிப்போய் இரண்டு சன்னலையும் மூடினாள்.

(இளைய வாசகர்களுக்கு: அப்போது மலாயாவில் காட்டுக் கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான அவசரகாலம். மலாக்காவில் ஊரடங்கு போயிருந்தது, சட்டம் போகவில்லை. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தூக்கு என்பது சுவரொட்டி படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.)

"போலீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்திடுங்க. இப்பவே."

"அவசரப்படாத. நம்ம கைக்கு ஒரு நல்ல பொருள் வந்திருக்கு. என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

மறுநாள் தூசி தட்டும்போது சந்திரமதி ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் துப்பாக்கியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். விரல் நுனி அளவு போய் நின்றுவிட்டது.

"ஏங்க, இது உள்ள அடைச்சிருக்கு."

"துரு."

"துரு மாதிரி இல்ல. கெட்டி இரும்பு மாதிரி இருக்கு."

"இரும்புல வர்ற துரு வேற எது மாதிரி இருக்கும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி, தலைமுறைகளாக மலாய் பேசிவரும் செட்டிகளின் குடியிருப்பு. அங்கே குடியிருந்த பாக்கியலட்சுமியின் பெயர் மட்டும்தான் தமிழ். பேச்சு, உடுத்தும் கெபாயா, சமையல் எல்லாம் மலாய் வழி. சந்திரமதி அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். பாக்கியலட்சுமி இடித்துக்கொண்டிருந்த மிளகாய்ச் சம்பாலிலிருந்து தலையைத் தூக்காமல், "புவாங் சாஜா, காக்," என்றாள். தூக்கிப் போட்டுடு அக்கா.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

4

விலை கேட்க அப்பாசாமி முதலில் போனது ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்கு. அங்கே ரஹீம் பாய்க்குப் பழைய சாமான் கடை. கோரைப்பாயில் சுற்றிக் கொண்டுபோன பொருளை அப்பாசாமி மேசையில் வைத்து ஒரு முனையை விலக்கினார். ரஹீம் பாய் சட்டென்று எதிரே இருந்த பள்ளிவாசலின் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பாய், சும்மா பாருங்க."

"மூடு தம்பி."

"என்ன பெறும்னாவது..."

"இது துப்பாக்கின்னா, நான் பாக்கல. துப்பாக்கி இல்லன்னா, எனக்கு வேணாம்."

(இந்தக் கதையில் நடக்கிற மதிப்பீடுகளிலேயே நேர்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். ரஹீம் பாயை இன்னும் இரண்டு பக்கம் பேசவிட ஆசை. ஆனால் அவர் கடையை மூடிக்கொண்டு தொழப் போய்விட்டார்.)

அடுத்தது கணேசமூர்த்தி. துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். வாசகசாலையின் தலைவர். பூதக்கண்ணாடி வைத்திருந்தார். காஜா பெராங்கில் சரித்திரம் என்றால் அவர்தான்.

அவர் பொருளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். அடிக்கட்டையின் வளைவு போர்த்துக்கீசியம் என்றார். விசை டச்சு. வெள்ளி வேலைப்பாடு மலாய் சுல்தான் காலத்தது. மயில் சந்தேகமில்லாமல் நம்முடையது. ஆக, மலாக்காவை ஆண்டவர்கள், ஆள நினைத்தவர்கள் அத்தனை பேரையும் அவர் அந்த ஒரு துப்பாக்கியில் ஏற்றிவிட்டார்.

"அந்தக் கண்ணாடிச் சன்னல் எதுக்குங்க ஐயா?" என்று அப்பாசாமி கேட்டார்.

"மழையில் மருந்து நனைந்துவிட்டதா என்று வீரன் பார்த்துக்கொள்வதற்கு."

அன்று சாயங்காலம் வாசகசாலையில் கூட்டம். மேசையில் துப்பாக்கி, அதற்கு ஒரு மாலை. கணேசமூர்த்தி முழங்கினார். இந்த ஆயுதத்தைத் தாங்கி அந்நியனை எதிர்த்து நின்ற தமிழ்த் தளபதி ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்று தொடங்கியவர், கைதட்டல் கேட்டதும் 'இருந்திருக்க வேண்டும்' என்பதை விட்டுவிட்டார். முடிக்கும்போது அந்தத் தளபதிக்கு மீசையும் ஒரு தங்கையும் இருந்தார்கள்.

"இதன் விலை என்னங்க ஐயா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"விலைமதிப்பில்லாதது!"

அப்பாசாமி அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு முறை சாப்பிட்டார்.

(கணேசமூர்த்தியை இப்படி எழுதுவது சுலபமாக வருகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். முப்பது வருஷம் வந்த கப்பலின் பெயரையும் போன கப்பலின் பெயரையும் அடுத்தவனுடைய ஆங்கிலத்தில் பிரதியெடுத்த மனிதர் அவர். 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. ஒருநாள் ஒருவர் கேட்டார். அவரால் நிறுத்த முடியவில்லை. நானாக இருந்தாலும் தளபதிக்குக் குதிரை ஒன்று கொடுத்திருப்பேன்.)

5

மறுநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது மாத்தா மாத்தா, அதாவது போலீஸ்காரர்கள், வந்துவிட்டார்கள். துப்பாக்கியை ஒருவர் மாலையோடு எடுத்துக்கொண்டார். அப்பாசாமியை இருவர் எடுத்துக்கொண்டார்கள்.

சந்திரமதி தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார அதிகாரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் தான்தான் என்று ராஜரத்தினம் நம்பினார். ஆகவே அந்த மாதம் முழுக்க எதையும் தப்பாகச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்திருந்தார். எதையும் செய்யாமலிருப்பதே அதற்குச் சிறந்த வழி என்றும் கண்டுபிடித்திருந்தார்.

"ஐயா, அது சுடாதுங்க. உள்ள துளையே இல்ல. நான் ஈர்க்குச்சி விட்டுப் பாத்தேன்."

"இருங்கோ அம்மா. அது நிபுணர் பார்க்க வேண்டிய விசயம்."

"அந்தா மேசையிலதானே இருக்கு? உங்க பென்சில விட்டுப் பாருங்களேன்."

இன்ஸ்பெக்டர் பென்சிலைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் பென்சில் விட்டுப் பார்த்தனான் எண்டு மேலிடத்துக்கு எழுத ஏலாது அம்மா. அதோட, கணேசமூர்த்தி ஐயா பெரிய கூட்டத்தில இது போர் ஆயுதம் எண்டு சொல்லியிருக்கிறார். படிச்ச மனிசர்."

படித்த மனிதரைக் கூப்பிட்டார்கள். கணேசமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தான் சரித்திரத்தைப் பற்றிப் பேசியதாகவும், குறிப்பிட்ட எந்தப் பொருளைப் பற்றியும் பேசவில்லை என்றும் சொன்னார். மேசையில் ஒரு பொருள் இருந்ததா என்று கேட்டதற்கு, தான் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவர், மேசையைப் பார்த்து அல்ல என்றார்.

கம்பிக்குப் பின்னால் அப்பாசாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சந்திரமதி சாப்பாட்டு அடுக்கைப் பிரித்து வைத்தாள்.

"பாத்தியா மதி? எனக்குன்னு தனியா ரெண்டு பேர் காவல். மத்தவனுக்கெல்லாம் ஒருத்தன்தான். 'அபாயமான ஆளு, கிட்டப் போகாத'ன்னு பேசிக்கிறானுங்க."

"சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியும்," என்றார். சோற்றைப் பிசைந்தார். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய், 'பின்பக்கமா வா' என்று கேட்டே பழகிய மனிதர். இப்போது அவரைப் பார்த்து ஆயுதம் ஏந்தியவர்கள் ஓரடி விலகி நிற்கிறார்கள். அதை அவர் ரசித்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. உருட்டிய கவளத்தை வாயில் வைக்காமல் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே இருந்ததும் அவளுக்குத் தெரிந்தது. அவள் கம்பிக்குள் கையை விட்டு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை விடவில்லை.

6

சிங்கப்பூரிலிருந்து நிபுணர் வந்தார். ஆயுதக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரக் காப்டன். வெயிலில் சிவந்த மூக்கு. அறையில் இன்ஸ்பெக்டர் நின்றார், சந்திரமதி நின்றாள், அப்பாசாமியை இருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காப்டன் துப்பாக்கியைத் தூக்கினார். கண்ணாடிச் சன்னலைப் பார்த்தார். விசைக்குக் கீழே தேய்ந்துபோயிருந்த எழுத்துகளை விரலால் தடவினார். அதே இடத்தை இன்னொரு முறை தடவினார். கடைசியில் இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவித் துப்பாக்கியின் வாயில் விட்டார். விரல் நுனி அளவு போய் நின்றது.

"மாயினான்," என்றார். விளையாட்டுச் சாமான்.

இன்ஸ்பெக்டர் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த தாள்கள் பறந்தன. அப்பாசாமியை விட்டுவிடச் சொன்னார். "மாயினான்" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுதினார்.

"குப்பை," என்றார் காப்டன். "உங்களுக்கு எதற்குத் தொல்லை? நானே எடுத்துப்போய் எறிந்துவிடுகிறேன்."

(காப்டனோடு பேசிய பேச்செல்லாம் பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், நடந்தது. காப்டனுடைய மலாயும் சந்திரமதியுடையதும் ஒரே சந்தையில் கற்றவை என்பதால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.)

"வேணாம் துவான். எங்க வீட்டுக் குப்பையை நாங்களே போட்டுக்கிறோம்."

"இவ்வளவு கனம். நீ எப்படித் தூக்குவாய்?"

"பேச்சா வண்டி இருக்கு."

"வண்டிக் கூலி வீண். இங்கேயே விட்டுப் போ."

குப்பையை ஒருவன் மூன்று தடவை கேட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"ஐயா, வெளையாட்டுச் சாமான்னு எழுதிட்டீங்கதானே?"

"எழுதியாச்சு அம்மா."

"வெளையாட்டுச் சாமானுக்கு போலீஸ்ல என்ன வேலை?"

ராஜரத்தினம் யோசித்தார். யோசிக்க யோசிக்க, அதைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு எது செய்தாலும் இன்னொரு விளக்கம் எழுத வேண்டிவரும் என்று தெரிந்தது. அப்பாசாமியின் மனைவியின் கையிலேயே அதைக் கொடுத்தார். மாலை வாடிப்போயிருந்தது.

7

செயலாளர் நடுவில் ஒருமுறை கூப்பிட்டார். "புருஷன காப்பாத்திட்டாங்கல்ல? அங்கயே முடிச்சிடுங்க சார். வீரப் பெண்மணி."

முடித்திருக்கலாம். ஆனால் அப்பாசாமி வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

தூக்குமேடையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்தது? கோப்பிக் கடையில் அவர் நுழைந்ததும் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, சுட்டுடாதீங்க!" என்றார்கள். மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று "டுமீல்!" என்றார்கள். கணேசமூர்த்தி, தான் அன்றைக்கே சந்தேகப்பட்டதாகவும், அப்பாசாமியின் மனம் புண்படக்கூடாது என்று சொல்லவில்லை என்றும் வாசகசாலையில் தெரிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

நிஜத் துப்பாக்கியோடு பிடிபட்டிருந்தால் அவர் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார்கள். பொம்மையோடு பிடிபட்டவரை என்ன செய்வது?

அப்பாசாமி லேலோங்குக்குப் போவதை நிறுத்தினார். பேசுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். துப்பாக்கி பெட்டிக்குள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாமல் வீட்டைக் காலி செய்தார். டென்னிஸ் மட்டை போனது. புயல் காட்டுகிற கடிகாரம் போனது. பழைய சாமான் வாங்குகிறவனின் வண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றினார். கல்யாணமான நாளிலிருந்து சந்திரமதி கேட்டுக்கொண்டிருந்த காரியம்தான் அது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். வண்டி சடக்குத் திருப்பத்துக்கு (சடக்கு என்றால் சாலை) போனதும் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஓடி, அந்தச் சூப்புப் பாத்திரத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"மாவுக்கு வேணும்," என்றாள், அவர் கேட்காமலேயே.

அவர் கேட்கவேயில்லை.

8

காப்டன் ஒரு பிற்பகலில் வீடு தேடி வந்தார். அப்பாசாமி மீட்டர் பார்க்கப் போயிருந்தார். கொடித் துணிகளை ஒதுக்கி அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது.

(காப்டனைத் திருடனாக எழுதிக் கிழித்தேன். வெள்ளைக்காரன், அரிய பொருள், பேராசை: கை தானாக எழுதிக்கொண்டு போகிறது. நான் கேட்ட கதையில் அவர் அப்படி இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அன்றைக்கு நான் பாதிதான் சொன்னேன்," என்றாராம்.)

சந்திரமதி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். துப்பாக்கியைத் தூக்கி மேசை மேல் வைத்தாள்.

"மீதியச் சொல்லுங்க."

அவர் சொன்னார். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கிப் பட்டறை, தென்னிந்தியாவில் ஒரு ராஜாவுக்குக் காட்டுவதற்காக இதைச் செய்தது. வியாபாரி எடுத்துப்போய்த் தர்பாரில் காட்டுவான்; உள்ளே எந்திரம் எப்படி ஓடுகிறது என்று ராஜா கண்ணாடி வழியாகப் பார்ப்பார்; பிடித்திருந்தால் ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்வார். அரண்மனைக்குள் சுடுகிற ஆயுதத்தை விடமாட்டார்கள் என்பதால் துளை போடவில்லை. ஆனால் ராஜா பார்ப்பதற்கு முன்பே கும்பினியார் ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டார்கள். அதனால் சுடுகிற துப்பாக்கி ஒன்றுகூடச் செய்யப்படவேயில்லை. இந்த மாதிரி மட்டும் மிஞ்சியது. உலகத்தில் இது ஒன்றுதான்.

(அது மலாக்காவுக்கு எப்படி வந்தது என்று காப்டனுக்கும் தெரியவில்லை. "வியாபாரி நாகப்பட்டினத்தில் கப்பலேறி—" என்று நான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது என் குரல் கணேசமூர்த்தியின் குரல் மாதிரி இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.)

சந்திரமதி கொஞ்ச நேரம் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்களும் மாதிரிக்கு ஒரு ரவிக்கை தெச்சு வெப்போம் துவான். ஆர்டர் வரலன்னா அத நாங்களே போட்டுக்குவோம்."

காப்டன் சிரித்தார். பிறகு ஒரு விலை சொன்னார்.

(எவ்வளவு? ஒரு தொகை எழுதினேன். இன்றைய காசுக்கு அது ஒரு கைத்தொலைபேசிகூட வாங்காது, உங்களுக்குச் சிரிப்பு வரும். பெரிதாக்கி எழுதினேன்; அந்தக் காலத்து ஆள் யாராவது படித்தால் என்னைப் பொய்யன் என்பார்கள். ஒரு மீட்டர் பார்க்கிறவர் குடும்பம் சொந்த வீடு பற்றி நினைத்துப் பார்க்கத் துணிகிற தொகை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: _____ மலாயா வெள்ளி.)

"ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது," என்றார் காப்டன். "அது விளையாட்டுச் சாமான் என்று என் வாயால் சொல்லி எழுதவைத்திருக்கிறேன். இப்போது நானே இதை விலைக்கு வாங்கினேன் என்று ஊருக்குத் தெரிந்தால் இன்ஸ்பெக்டர் வழக்கை மறுபடி திறப்பார். எனக்கும் கெடுதல், உன் புருஷனுக்கும் கெடுதல். அவரிடம்கூடச் சொல்லாதே. அவர் வாய்..."

"அவர் வாய் எனக்குத் தெரியும்," என்றாள் சந்திரமதி. தன் புருஷன் வாயைப் பற்றி இன்னொருவன் பேசுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் சொன்னது சரி.

கொடியேற்றம் முடிந்த மறுவாரம் தனக்குக் கப்பல் என்றும், அதற்குமுன் ஒருமுறை வருவதாகவும் சொல்லிவிட்டுக் காப்டன் போனார். போகும்போது மயிலின் கழுத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியதாக எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி, மறுபடியும் அடித்துவிட்டேன்.

9

இனி வரும் முடிவுகளெல்லாம் என் கைச்சரக்கு.

அவள் விற்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். வீடு வாங்குகிறார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று அப்பாசாமி கேட்கவில்லை. அவர் எதையும் கேட்பதில்லை. புது வீட்டின் கூடத்தில், விளையாட்டுச் சாமானோடு பிடிபட்ட மனிதராகவே உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்துப் படித்தபோது வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

அவள் அவரிடம் சொல்லிவிடுகிறாள் என்று எழுதினேன். அவர் துள்ளி எழுகிறார். சட்டையை மாட்டுகிறார். கோப்பிக் கடைக்கு ஓடுகிறார். மறுநாள் மாத்தா மாத்தா. கதை மறுபடி ஐந்தாம் பகுதிக்குப் போய்விடுகிறது. அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதுதான் இதில் சிக்கல்.

செயலாளர் ஒன்று கேட்டார்: சுதந்திர நாளன்று அந்தத் துப்பாக்கியையே கம்பமாக நட்டு, அதன் உச்சியில் சந்திரமதி தைத்த கொடி பறக்க வேண்டும். இரண்டு வரி எழுதினேன். அதற்குமேல் கூசியது.

ஆகவே எனக்குத் தெரிந்த கடைசி இடத்தில் உங்களைக் கொண்டுபோய் விடுகிறேன்.

சாயங்காலம். சந்திரமதி கடைசிக் கட்டுக் கொடிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாசாமி வந்தார். முகம் கழுவினார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார்.

"எங்கங்க?"

"கிளேபாங். கடல்ல போட்டுட்டு வந்துர்றேன்."

அவள் அடுத்த கொடியை எடுத்தாள். அவர் படியிறங்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். சடக்கில் யாரோ போனார்கள்; அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாய்கிட்ட கேட்டேன்," என்றார், வாசலைப் பார்த்தபடியே. "கிராணிகிட்ட கேட்டேன். இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டாங்க, துரைகிட்ட கேட்டாங்க. ஒருத்தன் ஒண்ணுமில்லன்னான், ஒருத்தன் மதிப்பே இல்லாத அளவுக்குப் பெருசுன்னான். உன்ன மட்டும் நான் கேக்கவே இல்ல."

அவர் திரும்பினார்.

"நீ சொல்லு மதி. அது என்னதான்?"

சந்திரமதி கையிலிருந்த கொடியை மடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்; பதிலுக்குக் காத்திருக்கிறார். அவள் வாயைத் திறந்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னதாக எழுதினாலும் சரி, பொய் சொன்னதாக எழுதினாலும் சரி, நான் தலையிடமாட்டேன். எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள், அது போதும். எனக்கு அங்கேதான் கை நின்றுவிட்டது.